110-ல் வரும் உதறல்: புது எஸ்.யூ.வி.யில் காரணம் தேடிய பதிவு

வண்டி புதுசு. மூன்று வரிசை இருக்கை, சேஸிஸ் மேல் பாடி உட்காரும் பழைய பாணிக் கட்டமைப்பு, வி8 இன்ஜின், 20 அங்குல ரிம், 275/60 டயர். ஊருக்குள் ஓட்டும்வரை வெண்ணெய் மாதிரிதான் போனது. நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டியதும் இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் உதறல் தொடங்கும். 110-லிருந்து 115-க்குள் உச்சம். 125-க்கு மேல் போனால் கொஞ்சம் அடங்கும். ஸ்டீயரிங்கில் லேசாகத்தான் தெரியும்; இருக்கையிலும் தரையிலும்தான் அதிகம். இன்னொரு விசித்திரம், உதறல் நிலையாக இருக்காது. சில நொடி நன்றாக ஆட்டும், பிறகு தானாகவே அடங்கும், மறுபடி ஏறும். சாலை ஒன்றுதான், வேகம் ஒன்றுதான்.

சர்வீஸ் சென்டரில் நான்கு வீலையும் பேலன்ஸ் செய்து கொடுத்தார்கள். உதறல் இம்மியும் குறையவில்லை. மறுபடி போனபோது கிடைத்த பதில்: "நாலு வீலும் ஜீரோ காட்டுது சார். பெரிய வண்டி, பெரிய டயர். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும்." மெஷினில் ஜீரோ காட்டியது உண்மைதான், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டி உதறுவதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் காற்றழுத்தத்தைப் பார்த்தேன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் 35 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது; டயரில் 44 இருந்தது. தொழிற்சாலையிலிருந்து லாரியிலோ கப்பலிலோ வரும்போது டயர் சப்பையாகாமல் இருக்கக் கூடுதலாக அடித்து அனுப்புவார்கள். டெலிவரிக்கு முன் குறைத்துத் தர வேண்டும். பல இடங்களில் அது விட்டுப்போகும். அழுத்தம் கூடினால் டயர் விறைத்து, சின்ன மேடுபள்ளத்தையும் அப்படியே மேலே அனுப்பும். 35-க்கு இறக்கியதும் பொதுவான கடுமை குறைந்தது. உதறல் அங்கேயேதான் இருந்தது.

அடுத்த சந்தேகம், நின்ற இடத்திலேயே நின்றதால் வரும் தட்டை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியின் டயர், தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகப் படிந்துவிடும். லேசாக இருந்தால் ஓடிச் சூடானதும் சரியாகிவிடும். அதனால் எந்தச் சோதனையையும் குறைந்தது 20 கி.மீ. ஓட்டிய பிறகே செய்தேன். ராத்திரி முழுக்க ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவிட்டுக் காலையில் குளிர்ந்த டயரை மெஷினில் ஏற்றுவது இதனால்தான் வீண்வேலை. அது அளப்பது ராத்திரி படிந்த தட்டையையும் சேர்த்துத்தான்.

அலைன்மென்ட் பார்க்கலாமே என்று சொல்லாத ஆளில்லை. அலைன்மென்ட் கோளாறு வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தின்னும். சுற்றுக்கு ஒரு தடவை தூக்கிப் போடாது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பார்க்கலாம். இது பிரேக்கைத் தொடாமலே வருவது. இரண்டையும் அத்தோடு விட்டேன்.

எது சுற்றும்போது உதறுகிறது?

உதறல் என்றால் ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி இடிக்கிறது என்றுதான் அர்த்தம். வண்டியில் சுற்றுபவை மூன்று கூட்டம்: இன்ஜினோடு சுற்றுபவை, புரப்பெல்லர் ஷாஃப்ட்டோடு (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு) சுற்றுபவை, சக்கரத்தோடு சுற்றுபவை. முதல் கூட்டத்தைப் பிரிப்பது சுலபம். காலியான நேர்சாலையில் 112-ல் உதறல் நன்றாக வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சாவியைத் தொடக்கூடாது. அணைத்தால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்கின் உதவியும் போய்விடும். இன்ஜின் ஐட்லுக்கு இறங்கியது, உதறல் துளியும் மாறவில்லை. அப்புறம் அதே வேகத்தில் மேனுவலாக ஒரு கியர் கீழே இறக்கிப் பார்த்தேன். இன்ஜின் சுற்று எகிறியது, உதறல் அப்படியே. இன்ஜின் மேல் குற்றமில்லை.

மீதி இரண்டைக் கணக்கால்தான் பிரிக்க முடியும். சமதளத்தில் டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, நேர்கீழே தரையில் ஒரு கோடு. கோடு மறுபடி கீழே வரும்வரை வண்டியை மெதுவாக உருட்டி, இரண்டாவது கோடும் போட்டு டேப்பால் அளந்தேன். 2.57 மீட்டர். புத்தக அளவை வைத்துக் கணக்குப் போட்டால் இதைவிடக் கொஞ்சம் கூட வரும். ஆனால் பாரம் ஏறிய டயர் கீழே நசுங்கி உருளும், அதனால் நேரில் அளப்பதே மேல்.

110 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 30.56 மீட்டர். அதை 2.57-ஆல் வகுத்தால் 11.9. அதாவது அந்த வேகத்தில் ஒவ்வொரு சக்கரமும் நொடிக்கு ஏறக்குறைய 12 தடவை சுற்றுகிறது. என் வண்டியின் டிஃபரென்ஷியல் விகிதம் 3.23, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.23 சுற்று சுற்றும். எனவே புரப்பெல்லர் ஷாஃப்ட் 38.4 தடவை சுற்றும். ஷாஃப்ட்டின் நுனியில் வளைந்து கொடுக்கும் ஜாயின்ட் கிராஸின் கோணத்தில் தப்பு இருந்தால் அது சுற்றுக்கு இரண்டு தடவை இடிக்கும், அது 76.8 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை தடவை என்பது). டேகோமீட்டர் 1,600 காட்டினால் இன்ஜின் கிராங்க் 26.7. இத்தனை எண்களையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினேன். இனி அதிர்வின் எண் தெரிந்தால் போதும், ஆள் யார் என்று தாள் சொல்லிவிடும்.

எண்ணைக் கண்டுபிடிக்கப் போனே போதும். அதற்குள் இருக்கும், அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டரின் பதிவை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் இலவச ஆப்கள் நிறைய உண்டு. போனைக் கையில் பிடிப்பதோ ரப்பர் ஹோல்டரில் மாட்டுவதோ உதவாது. கையும் ரப்பரும் அதிர்வை விழுங்கிவிடும். ஓட்டுநர் இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தோடு இரட்டைப்பக்க டேப்பால் இறுக்கி ஒட்டினேன். க்ரூஸ் கன்ட்ரோலில் வேகத்தைப் பூட்டி, ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையே கணக்கில் எடுத்து, 30 நொடி பதிவு. ஸ்பீடோமீட்டரை நம்பினால் கணக்கு தவறும். அது பெரும்பாலும் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

படம் தெளிவாக வந்தது. 11.9-ல் ஓங்கிய ஒரு முனை, 28 மில்லி-ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் 28 பங்கு) உயரம். 38.4-ல் குட்டியாக ஒன்று, 4 மில்லி-ஜி. 23-க்கும் 24-க்கும் நடுவில் இன்னொன்று.

இந்த மூன்றாவதில் ஒரு பொறி இருக்கிறது. பல போன்கள் நொடிக்கு 100 தடவைதான் அளவெடுக்கும். அப்படியென்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது எதையும் அதனால் நேராகக் காட்ட முடியாது. மேலே உள்ளது மடிந்து கீழே வந்து விழும். ஷாஃப்ட்டின் 76.8 மடிந்தால் (100-லிருந்து 76.8-ஐக் கழித்தால்) 23.2-ல் தோன்றும். சக்கரத்தின் இரண்டாம் மடங்கு 23.8. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எண், ஒன்று நிஜம், ஒன்று பிம்பம். பிரித்துப் பார்க்க வேகத்தை 100-க்குக் குறைத்தால் போதும். நிஜமான முனை என்றால் வேகத்தோடு இறங்கி 21.6-க்குப் போகும். பிம்பம் என்றால் எதிர்த்திசையில் ஏறி 30.2-க்குப் போகும். என்னுடையது சமத்தாக 21.6-க்கு இறங்கியது. ஜாயின்ட் கிராஸ் பயம் அத்தோடு போனது.

ஒரு சாலையில் மட்டும் 6.8-லும் ஒரு முனை வந்தது. கான்கிரீட் பலகைகளின் இணைப்பு அது, 4.5 மீட்டருக்கு ஒன்று இருந்தால் 110-ல் நொடிக்கு 6.8 தடவை தட்டும். தார்ச்சாலையில் அது இல்லை. சோதனை எல்லாவற்றையும் ஒரே சாலைத் துண்டில் வைத்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான்.

ஆக, சுற்றுக்கு ஒரு தடவை, சக்கரத்தில். உதறல் வந்து வந்து போவதற்கும் இப்போது விடை கிடைத்தது. கோளாறு ஒரு சக்கரத்தில் மட்டும் இருந்தால் ஆட்டம் சீராக இருக்கும். ஏறி இறங்குகிறது என்றால் குறைந்தது இரண்டு சக்கரம் சேர்ந்து செய்கிறது. ஒன்றின் சுற்றளவு 2.57, இன்னொன்றினுடையது 2.55 என்றால் ஒன்று 11.89 ஹெர்ட்ஸில் இடிக்கும், மற்றது 11.98-ல். ஏறத்தாழ 11 நொடிக்கு ஒருமுறை இரண்டும் கைகோக்கும், நடுவில் ஒன்றை ஒன்று அமுக்கும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்றுவதால் ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் கூட்டணி மாறும். "அந்த வளைவு தாண்டினா சரியாயிடுது" என்று சொல்பவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை, சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். டெஸ்ட் டிரைவுக்கு வரும் மெக்கானிக் அமுங்கிய நேரத்தில் ஓட்டினால் "ஒண்ணுமே இல்லையே" என்பார். அவரைக் குறைந்தது ஒரு நிமிடமாவது அதே வேகத்தில் ஓட்டச் சொல்ல வேண்டும்.

முன்னால் பின்னால் மாற்றியதும்

நான்கில் எந்த இரண்டு? முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கில் தெரியும், பின் சக்கரம் என்றால் இருக்கையில் தெரியும் என்பது பொதுவிதி. அதைச் சோதிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. பின் சக்கரங்களை முன்னால் போட்டு, முன்னவற்றைப் பின்னால் தள்ளினேன். மாட்டும்போது சக்கரம் அந்தரத்தில் இருக்கையிலேயே நட்டுகளை நட்சத்திர வரிசையில் கையால் இறுக்கி, பிறகு தரையில் இறக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடித்தேன். என் வண்டிக்கு 190 நியூட்டன்-மீட்டர். ஏர் கன்னால் ஒரே பக்கமாக அடித்து இறுக்கினால் ரிம் கோணலாக உட்கார்ந்து, இல்லாத உதறலைப் புதிதாக உண்டாக்கும்.

ஓட்டிப் பார்த்தால், இருக்கை அமைதியாகிவிட்டது, ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடியது. கோளாறு சக்கரத்தோடு இடம் மாறியது. ஹப்பில் (சக்கரம் மாட்டும் குடம்) இல்லை, ஆக்சிலில் இல்லை, ஷாஃப்ட்டில் இல்லை. இந்த ஒரு மாற்றல் எத்தனையோ வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

மேடுபள்ளத்தை நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜ் எடுத்தேன். ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் நடுக்கோட்டில் வழுவழுப்பான டேப் சுற்றி, அதன் மேல் கேஜ் முனையை வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்றுக்கு 1.5 மி.மீ. வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்பது பெரும்பாலோர் வைத்திருக்கும் எல்லை. என் நான்கும் அதற்கு வெகு கீழே. முன்பு பின்வலதில் இருந்தது 0.7. பின்இடதில் இருந்தது 0.35, நான்கிலும் அதுதான் நல்ல வட்டம்.

அந்த 0.35 டயர்தான் முதல் குற்றவாளி என்று பிறகு தெரிந்தது.

ஜீரோ காட்டும் சக்கரம் ஏன் இடிக்கிறது

பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றுகிறது. எடை எங்கே கூடுதல் என்று மட்டும் அது சொல்லும். டயல் கேஜ், பாரம் இல்லாத டயர் வட்டமா என்று மட்டும் சொல்லும். சாலையில் அந்த டயர் மேல் அரை டன்னுக்கு மேல் பாரம் உட்கார்ந்திருக்கிறது. டயரின் உள்ளே துணி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டப்பட்ட இடம் கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம். அந்த இடம் தரைக்கு வரும்போது டயர் குறைவாக நசுங்கும், ஆக்சிலை மேலே தள்ளும். பார்வைக்கும் கேஜுக்கும் அது வட்டம்தான், மிதித்தால்தான் கோணல். ரேடியல் விசை மாறுபாடு என்பது இதைத்தான்.

அளவு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ரிம்மின் விளிம்பில் 30 கிராம் பேலன்ஸ் தவறினால் 110-ல் அது சுமார் 42 நியூட்டன் விசையால் தூக்கும். நாலு கிலோவுக்குச் சற்று மேல். விசை மாறுபாட்டை மெஷின்கள் பவுண்டில், உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியாகக் காட்டும். 41 பவுண்டு என்றால் மேலும் கீழும் 91 நியூட்டன். 65 கிராம் பேலன்ஸ் தவறுக்குச் சமம். அதைச் சரிக்கட்ட 65 கிராம் வெயிட்டை ஒட்டினால் ஆகாதா? ஆகாது. பேலன்ஸ் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் இருப்பது 110-ல் ஏறக்குறைய இரட்டிப்பு. விறைப்பால் வரும் விசை அப்படி ஏறாது. ஒரு வேகத்தில் ஒன்றை ஒன்று கொன்றால் மற்ற வேகத்திலெல்லாம் புது உதறல்.

அப்படியென்றால் 60-ல் ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். சக்கரமும் ஆக்சிலும் சேர்ந்த எடை, மேலே ஸ்பிரிங்குக்கும் கீழே டயருக்கும் நடுவில் தொங்குகிறது. அதற்கென்று சொந்தமாக ஒரு துள்ளல் வேகம் உண்டு, பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள். 110-ல் சக்கரத்தின் 11.9 அதற்குள் போய் நேராக விழுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல. 125-க்கு மேல் கொஞ்சம் அடங்கியதும் இதனால்தான்.

டயரை உருளையால் அழுத்திக்கொண்டே சுற்றி அளக்கும் பேலன்சர் வேண்டும். ஹன்டர் நிறுவனத்தின் ரோடு ஃபோர்ஸ் மெஷின் அந்த வகை. அது இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பைத் தேடி, வண்டியை ஓட்டிச் சூடாக்கியே கொண்டுபோனேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை கேட்டேன். வீலை மெஷினில் மாட்டி அளந்த பிறகு, நட்டைத் தளர்த்தி, வீலை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி மாட்டி அளக்க வேண்டும். இரண்டு அளவும் சில கிராமுக்குள் ஒத்துப்போனால் வீல் மெஷினின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கமாகக் கோன் (வீலை நடுவில் நிறுத்தும் கூம்பு) வைத்து மாட்டியபோது இரண்டு அளவுக்கும் நடுவில் 20 கிராமுக்கு மேல் வித்தியாசம். கோனைப் பின்பக்கத்திலிருந்து, ஹப்பில் உட்காரும் அதே துளைக்குள் கொடுத்து, முன்னால் போல்ட் துளைகளில் பதியும் தட்டை வைத்து அழுத்தியதும் வித்தியாசம் 3 கிராமுக்கு இறங்கியது. அந்த ஒர்க்‌ஷாப்காரர் சலிக்காமல் செய்தார். முதலில் பார்த்த இடத்தில் மெஷின் காட்டிய ஜீரோவுக்கு இந்தச் சோதனை நடந்திருக்கவில்லை.

அளவுகள் வந்தன. முதலில் முன்னால் இருந்த இரண்டும் 9, 13 பவுண்டு. பின்வலது 27. பின்இடது 41. இவ்வளவு பெரிய வண்டிக்கு 20-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கோடு. 15-க்குள் வந்தால் திருப்தி.

27-ஐக் காப்பாற்ற முடிந்தது. அதன் ரிம்மே கொஞ்சம் நீள்வட்டம், 0.6 மி.மீ. ரிம்மின் தாழ்ந்த இடத்தில் டயரின் விறைத்த இடம் வருகிற மாதிரி டயரைக் கழற்றித் திருப்பி ஏற்றினார்கள். மெஷினே இரண்டிலும் எங்கே சாக்பீஸ் கோடு போட வேண்டும் என்று காட்டுகிறது. பீட் (ரிம்மைக் கவ்வும் டயரின் விளிம்பு) ஒழுங்காக உட்கார நிறைய லூப்ரிகன்ட் தடவி ஏற்றச் சொன்னேன். காய்ந்த ரிம்மில் ஏற்றினால் பீட் ஒரு இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும், சில கி.மீ. கழித்துத்தான் உட்காரும். திருப்பிய பிறகு 12.

41-இன் ரிம் நல்ல வட்டம், 0.2 மி.மீ.தான். ஈடுகட்ட ரிம்மில் தாழ்வே இல்லாதபோது திருப்பி என்ன பயன்? எவ்வளவு திருப்பினாலும் 37 வரும் என்று மெஷினே முன்கூட்டிச் சொன்னது. டயரைத்தான் மாற்ற வேண்டும்.

மெஷின் தந்த அச்சுத்தாள், போன் பதிவின் படம், முன்பின் மாற்றியபோது உதறல் இருக்கையிலிருந்து ஸ்டீயரிங்குக்கு இடம் மாறிய குறிப்பு, மூன்றையும் சேர்த்து சர்வீஸ் சென்டரில் வைத்தேன். "வண்டி உதறுகிறது" என்று சொன்னபோது ஓடாத வேலை, "இந்த டயர் 41, மற்ற மூன்றும் 13-க்குள்" என்றதும் ஓடியது. வாரன்டியில் டயர் வந்தது. மாட்டுவதற்கு முன் அதையும் அளந்துதான் வாங்கினேன்: 14. புது டயர் என்பதாலேயே நல்ல டயர் ஆகிவிடாது. போன டயரும் புதுசுதான்.

அதே சாலைத் துண்டு, அதே 110, அதே இடத்தில் போன். 11.9-ல் இருந்த முனை 28-லிருந்து 5 மில்லி-ஜி.க்கு வந்தது. ஸ்டீயரிங்கில் விரல் நுனியை வைத்தால் சாலையின் சொரசொரப்பு மட்டும்தான். கன்சோலில் வைத்த பாதித் தண்ணீர் பாட்டிலில் முன்பு ஓயாமல் எழுந்த வளையங்கள் இப்போது பாலம் ஏறும்போது மட்டும் வருகின்றன.

38.4-ல் இருந்த குட்டி முனை அப்படியே இருக்கிறது. பெரிய உதறல் போனதும் இப்போதுதான் அது காதில் படுகிறது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் காதுக்குள் லேசான ஓர் அமுக்கம். ஷாஃப்ட்டில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், முன், நடு, பின் மூன்று இடத்திலும் 0.4 மி.மீ.க்குள். ஒரு மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பார்கள். பினியன் ஃப்ளாஞ்சில் (ஷாஃப்ட் டிஃபரென்ஷியலோடு சேரும் தட்டு) ஷாஃப்ட்டை அரைச் சுற்று திருப்பி மாட்டினால் குறைய வாய்ப்புண்டு. வாரன்டி இருக்கும் வண்டியில் அதை நான் கழற்றப் போவதில்லை. இப்போதைய நிலையைப் பெயின்ட் கோடு போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன், அடுத்த சர்வீஸில் திருப்பச் சொல்லலாம். லேசான ஆக்சிலரேட்டரில் எப்போதாவது வரும் 53 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இன்ஜின் பாதி சிலிண்டரில் ஓடுவதன் சத்தம். கியரை ஒன்று இறக்கினால் போய்விடும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி 190-க்குச் சரிபார்த்தேன். இரண்டு லேசாகத் திரும்பின. டயரின் உள்பக்கச் சுவரில் ஒவ்வொன்றின் எண்ணையும் பெயின்ட் பேனாவால் எழுதி வைத்தேன், 9, 13, 12, 14. டயர் மாற்றி மாற்றிப் போடும் நாளில் 14-உம் 13-உம் பின்னால் ஒரே ஆக்சிலில் சேராமல் பார்த்துக்கொள்ள அது போதும். மெஷின் கையில் இருக்கும்போதே ஸ்டெப்னியையும் ஏற்றச் சொல்லியிருந்தேன். 33 காட்டியது. அதை மாட்ட வேண்டி வந்தால் 90-க்கு மேல் போவதாக இல்லை.